நான்காவது ஊசி

ராஜபாளையம்
சித்திரை 6, காலை

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வினோத்தும் பேத்தியும் அந்தப் பனி ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே அம்மா சுகம். என் சுகத்தையும் ஒரு வார்த்தையில் எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம். வாரா வாரம் போனில் பார்க்கிறோமே, இவர் ஏன் தபால் ஆபீஸுக்கு நடக்கிறார் என்று நீ கேட்பாய். போன் எப்போதும் அம்மா கையில். நான் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு முகம். சாப்பிட்டியா என்பேன், பிள்ளை தூங்கிட்டாளா என்பேன், அதோடு சரி. இதை அப்படிச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது.

முதலில் இரண்டு பொய்களைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் நீ கேட்டாய், நாலாவது ஊசி போட்டாச்சாப்பா என்று. போட்டாச்சு என்றேன். போடவில்லை. அதே பேச்சில் மே மாதம் லீவு கிடைக்கும், வரட்டுமா என்றாய். வேண்டாம், வெயில் பிள்ளைக்கு ஒத்துக்காது என்றேன். அது வெயிலுக்காக இல்லை. நீ என்னைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பதறாதே. அந்த ஊசியை ஐந்து வாரம் தாமதமாகப் போட்டுக்கொண்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போடாதே, கடைசி வரை படி.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன சித்திரையில் புராஸ்டேட்டில் புற்று என்றார்கள். எலும்புக்குப் போகவில்லை. வைகாசியில் முதல் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு. கூடவே தினம் ஒரு மாத்திரை. ஐப்பசியில் மதுரைக்குப் போய் இருபத்தைந்து நாள் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, வைத்துக்கொண்டது. அது முடிந்த அன்று நீ அழுதாய், தாண்டியாச்சுப்பா என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்டில் வலியே கிடையாது, படுத்தால் பத்து நிமிஷம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் பாடு. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் மற்ற இடத்தில் சூடு படாது. பெஞ்சில் எட்டுப் பேர், எல்லோரும் என் வயது, எல்லோர் மடியிலும் தண்ணீர் பாட்டில், எல்லோர் கண்ணும் அந்தக் கதவின் மேல். ஆலங்குளத்துக்காரர் ஒருத்தர் வருவார், எட்வின் என்று, ரிட்டயர்ட் ஏட்டு. முப்பது வருஷம் ஊரை அடக்கினேன் சார், இப்பத்தான் தெரியுது எது அடங்காதுன்னு என்பார். சிரிக்கக் கூடாது. சிரித்தால் போச்சு. பெஞ்சே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கரண்ட் முடிந்த பிறகும் தொந்தரவு நின்றபாடில்லை. ஓடினால்தான் பாத்ரூம், சில நாள் ஓடியும் பிரயோஜனம் இல்லை. பஸ்ஸில் போக பயந்து தண்ணீரையே குறைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. எரிச்சல் வந்து, காய்ச்சல் வந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது பகல் முழுக்கத் தண்ணீர், விளக்கு வைத்த பிறகு குறைவு. காலையில் மட்டும் ஒரு காப்பி. மிளகாய் வற்றல் அம்மாவின் தட்டோடு நிற்கிறது. எட்வின் சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்று, மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி உள்ளே இறுக்கி, பத்து எண்ணி, விடுவது. யாருக்கும் தெரியாமல் எங்கேயும் செய்யலாம். ரேஷன் கடை வரிசையில் செய்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் செய்கிறேன். மூன்று மாதத்தில் பேட் வைக்கிற அவசியம் போய்விட்டது. இந்த ஊரில் பேண்டேஜ் துணி நெய்யாத தெரு இல்லை, இருந்தாலும் மெடிக்கலில் போய் ஒரு பேட் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. அம்மாதான் வாங்கினாள். யாருக்கு என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். ஒங்க அண்ணாச்சிக்குத்தான், வேற யாருக்கு, எனக்கா என்றாளாம்.

ஊசிதான் உனக்குச் சொல்லாத கதை. அந்த நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. ஊசி அதை நிறுத்துகிறது. டாக்டர் ஹெப்சிபா சின்னப் பெண், உன்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும், அவள் சொன்னாள், அதுக்குப் போடுற சோத்தை நிறுத்துறோம் ஐயா, ஆனா அது ஒங்களுக்கும் சோறு, அதனால நீங்களும் கொஞ்சம் வாடுவீங்க என்று. கொஞ்சம் என்றாள். முதல் ஊசிக்கு நாலு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறேன். வயிற்றில் இருந்து ஒரு சூடு கிளம்பியது. நெஞ்சு, கழுத்து, காது. முகம் எரிகிறது. உடனே வேர்வை. தலைமுடி நனைந்து தட்டில் சொட்டியது. பிறகு குளிர், நடுக்கம். மூன்று நிமிஷம் இருக்கும். மாரடைப்பு என்று நினைத்துவிட்டேன். அம்மா எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை, பதறவில்லை. இதானா என்றாள். பிறகு சொன்னாள், ஒண்ணும் செய்யாது, உக்காருங்க, போயிரும், எனக்கு மூணு வருஷம் வந்துச்சு என்று.

செல்வி, எனக்கு அது தெரியாது. பன்னிரண்டு வருஷம் முன்னால், நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய், உன் அம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் நிற்பாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பாள். மில்லில் இருந்து வந்த களைப்பில் நான் கேட்பேன், ஊருக்கெல்லாம் ஒரு வெயில், ஒனக்கு மட்டும் தனி வெயிலா என்று. அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டும் இருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. இப்போது கேட்டேன், ஏன் அப்பச் சொல்லலை என்று. சொன்னா மட்டும் விசிறி விட்டிருப்பீகளா என்றாள். கோபம் இல்லை. புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அவள்தான் எனக்கு வைத்தியம். நைலான் கலந்த பனியன் எல்லாம் போயிற்று, வெறும் பருத்தி. படுக்கையில் ஈரத்துண்டு ஒன்று, காய்ந்த துண்டு ஒன்று. சூடு கிளம்புவது தெரிந்ததும் பிடரியில் ஈரத்துண்டு. சூடாக எதையும் குடிக்காமல் ஆற வைத்துக் குடிப்பது. எது சாப்பிட்டால், எதற்குக் கோபப்பட்டால் வருகிறது என்று பார்த்து வைப்பது. காரக் குழம்புக்கு வந்தது. உன் சித்தப்பாவின் போனுக்கும் வந்தது. எலும்பு தேய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதால் காலையில் கேழ்வரகுக் கூழ், மில் ரோட்டில் நாற்பது நிமிஷம் நடை, வீட்டுக்கு வந்து இரண்டு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி இரண்டு கையிலும் தூக்கி இறக்குவது. சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் பால்கோவா கடைப் பக்கம் திரும்புவதில்லை. எதற்கென்று இல்லாமல் அழுகை வருகிறது. டிவியில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிற விளம்பரம், அதற்கு அழுதேன். உனக்கு எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். நாற்பது வருஷத்தில் அதைப் பற்றி வாயைத் திறந்து பேசியது அப்போதுதான்.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தை மாதம் சட்டைப்பையில் வைத்த பேனா குத்தியது. சுள்ளென்று வலித்தது. தொட்டுப் பார்த்தேன். நெஞ்சில், தோலுக்கு உள்ளே, நெல்லிக்காய் அளவு கட்டி. இரண்டு பக்கமும். பயந்து கூகுளில் பார்த்தேன், மாத்திரையாலும் ஊசியாலும் வருவது, ஆபத்தில்லை என்றிருந்தது. ஆபத்தில்லை. வாரத்துக்கு வாரம் பெரிதானது. பனியனுக்கு மேல் பனியன் போட்டேன். கண்ணாடி இருக்கிற பக்கம் துண்டு இல்லாமல் போவதை நிறுத்தினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தை கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம், உன் சித்தப்பா காசிராஜன் சம்பந்தி வீட்டாரோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், அண்ணே, உடம்பு நல்லா வச்சிருக்கு, அண்ணிகிட்டச் சொல்லி ஒரு ஜாக்கெட் தைக்கணும்போலயே என்றான். பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு ஏதோ கட்டி, கரண்ட் வைத்துக் கரைத்தாயிற்று என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். வாய்க்கு வந்ததைச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து பங்குனி உத்திரத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் நம் அய்யனார் கோயில். உத்திரத்தன்று சாமி பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் இருந்து வேனில் வந்து, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கும். அங்கிருந்து கோயில் வரை பங்காளிகளில் மூத்தவன் தலையில் வைத்து நடக்க வேண்டும். செருப்பு கூடாது, சட்டை கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும், தோளில் போடக் கூடாது. உன் தாத்தாவுக்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக நான்தான். நாற்பது குடும்பம் இரண்டு பக்கமும் நிற்கும். நான் மாட்டேன் என்றால் அடுத்தவன் காசிராஜன். கோயில் சுற்றுச்சுவரை எங்கே எழுப்புவது என்று அவனுக்கும் எனக்கும் நாலு வருஷமாகப் பேச்சுச் சரியில்லை. நான் விலகினால் சோலைச்சாமி கோபத்தில் விலகினான் என்றுதான் ஊர் பேசும். எடுத்தால் சட்டையைக் கழற்ற வேண்டும். இரண்டும் முடியாது என்று தோன்றியது. மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மில்லின் டெஸ்டிங் ரூமில் முப்பத்திமூன்று வருஷம் நூலை இழுத்துப் பார்த்து எங்கே அறும், ஏன் அறும் என்று எழுதியவன். காரணத்தை எடுத்தால் காரியம் நிற்கும் என்பது என் படிப்பு. ஊசியை விட்டால், மாத்திரையை விட்டால், நெஞ்சு இறங்கும். உத்திரம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். யாரையும் கேட்கவில்லை.

மாசி எட்டாம் தேதி ஊசி நாள். நானே போயிட்டு வாரேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோயிலில் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் மூன்று மணி வரை இருந்தேன். மெடிக்கலில் ஒரு பிளாஸ்திரி வாங்கி, சட்டையைத் தூக்கி, ஊசி போடுகிற இடத்தில், வயிற்றின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டேன். அறுபத்தேழு வயது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் களைத்த மாதிரி படுத்தேன். அம்மா பிளாஸ்திரியைப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், வலிக்குதா என்றாள். கொஞ்சம் என்றேன்.

ஐந்து வாரம். நெஞ்சு ஒரு இழைகூட இறங்கவில்லை. தினமும் காலையில் இரண்டு விரலால் அளந்தேன். பிறகு பங்குனி பாதியில் ஒரு காலை, அம்மா படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலஞ்சு நாளா துண்டு காஞ்சே கெடக்கு என்றாள். குளிர்ந்த மாதம் என்றேன். பங்குனியா என்றாள். ஒங்களுக்கு ஏன் வேர்க்கலை என்றாள். மறுபடியும், ஏங்க, ஒங்களுக்கு ஏன் வேர்க்கலை. அந்த வேர்வை என்ன என்று உடம்பாலேயே தெரிந்தவள். அவளிடம் எந்தப் பிளாஸ்திரி நிற்கும். சொன்னேன். ஊசியை, கிருஷ்ணன்கோயிலை, நெஞ்சை, காசிராஜன் சொன்னதை. சட்டையைக் கழற்றிக் காட்டினேன். இத மறைக்கத்தான் ரெண்டு பனியன்னு தை மாசமே தெரியும், நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன் என்றாள். அவளும் சொல்லாமல் இருந்தாள். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு, போய்ச் சட்டையை மாத்துங்க, ஒம்பதே காலுக்கு மதுரை பஸ் இருக்கு என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். நோயைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. அளவு தையில் பூஜ்யம் புள்ளி ஒன்று இருந்தது, இப்போது பூஜ்யம் புள்ளி எட்டு. டாக்டர் ஹெப்சிபா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஏன் விட்டீங்க ஐயா என்றாள். நான் வேலை, கல்யாணம் என்று இழுத்தேன். உன் அம்மாதான், அவிய கோயில்ல சட்டையக் கழட்டணும்மா, நெஞ்சு இப்படி இருக்கேன்னு ஊசிய விட்டுட்டாக என்று போட்டு உடைத்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இது ரொம்பப் பேருக்கு வரும், வந்த சதை ஊசியை விட்டா உடனே இறங்காது, நோய் மட்டும் ஏறும், தையிலேயே ஒரு போன் பண்ணியிருந்தா பெருசாகாம இருக்க மாத்திரை இருந்துச்சு, ஒரு சின்ன கரண்ட்டும் இருந்துச்சு, இனிமேலும் வலியைக் குறைக்கலாம், ஆனா நீங்க சொல்லணும் என்றாள். எட்டு நாளாகக் கக்கூஸ் போகாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லவில்லை. அன்றே ஊசி, விட்டுப்போன மாத்திரையும். இந்த முறை பிளாஸ்திரியை அவள் ஒட்டினாள்.

உத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேர்வை திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட மோசமாக. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நீங்க பெட்டி எடுக்கலைன்னா எனக்கு ஒண்ணுமில்ல, ஊசி எடுக்கலைன்னாத்தான் இருக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். துணிந்து முடிவெடுத்துப் போனேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. வேன் வந்தது, ஏறினேன். அவ்வளவுதான். தார் ரோடு முடிகிற இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். உறுமி அடிக்கிறான். காசிராஜன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் பட்டனைக் கழற்றினேன். முதல் பட்டன், இரண்டாவது. சட்டையையும் இரண்டு பனியனையும் அம்மா வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். காற்று பட்டது. பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காசிராஜனும் பார்த்தான், கண்ணைத் திருப்பிக்கொண்டான். பரிவட்டம் கட்டினார்கள். பெட்டி தலைக்கு வந்தது. கனமில்லை, உள்ளே ஒரு பட்டும் வெள்ளி முகமும்தான்.

நூறு அடி நடந்திருப்பேன். கிளம்பிவிட்டது. வயிற்றில், நெஞ்சில், கழுத்தில். கையை எடுத்துத் துடைக்க முடியாது, பெட்டி தலையில். வேர்வை கண்ணில் இறங்குகிறது, நெஞ்சில் ஓடி இடுப்புத் துண்டு நனைகிறது. பிறகு நடுக்கம். கால் நடுங்குகிறது, பெட்டி ஆடுகிறது, அதோடு அந்தப் பாழாய்ப்போன அழுகை. நின்றுவிட்டேன். யாரோ ஒருத்தி குலவை போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். சாமி வந்துருச்சு, சோலைச்சாமிக்குச் சாமி வந்துருச்சு என்று சத்தம். பத்தொன்பது வருஷத்தில் எனக்குச் சாமி வந்ததே கிடையாது, உனக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு குறை என்றுகூட ஊரில் பேசுவார்கள். உறுமி வேகமெடுக்கிறது. சூடம் கொளுத்துகிறார்கள். காசிராஜன் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான். அய்யனாரே, என்ன குத்தம்யா, சுவரு விசயத்துல கோவமா, வாக்குச் சொல்லுய்யா, எம்புட்டு வேணாலும் கேட்டுக்கிறேன் என்று அழுகிறான்.

ஒரு நிமிஷம் நினைத்தேன், செல்வி. உன்னிடம் மறைக்கவில்லை. சுவரை நான் சொன்ன இடத்தில் கட்டு என்று சொல்லியிருக்கலாம். நாற்பது குடும்பமும் கேட்டிருக்கும். நெஞ்சைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறந்திருக்க மாட்டான், சாமி வந்த உடம்பு. என் வெட்கத்துக்கு அதைவிட நல்ல சட்டை கிடைக்காது. அம்மாவைத் தேடினேன். கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கும்பிடவில்லை. ஈரத்துண்டை வைத்துக்கொண்டு வர வழியில்லாமல் நிற்கிறாள். நான் சொன்னேன். சாமி வரலடா காசி. ஊசி. எனக்குப் புற்று, அதுக்கு ஊசி, அதுல வேர்க்குது, அதுலதான் நெஞ்சும் இப்படி என்றேன். குரல் கேவிக்கொண்டுதான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. உறுமி நின்றது. குலவை நின்றது. காசிராஜன் தரையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான், நெற்றியெல்லாம் மண். வ. புதுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறதே சுடலையம்மாள், என் சித்தப்பா மகள், ஐம்பத்திரண்டு வயசு, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். யண்ணே, எனக்கும் இதேதான் ரெண்டு வருசமா வருது, வேர்த்துக் கொட்டிக் காலு நடுங்குது, ஒரு பய எனக்குச் சூடம் காட்டலையே என்றாள். பக்கத்தில் நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். அங்கே ஒருத்தி, எனக்கும்தான் என்றாள். இன்னொருத்தி, எங்க வீட்டுல தெனம் மூணு தரம் சாமி வருது மைனி, அவரு ஃபேனைப் போட மாட்டேங்காரு என்றாள். சிரிப்பு பரவியது. ஆம்பளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அதற்குள் அம்மா வந்து பிடரியில் துண்டை வைத்துவிட்டாள். தோளில் துண்டு கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செத்த நேரத்தில் சூடு இறங்கியது. மிச்ச தூரத்தையும் நானே நடந்தேன். நெஞ்சை நிமிர்த்தி என்றெல்லாம் இல்லை, விழாமல் நடந்தேன்.

பொங்கல் இறக்கிச் சாப்பிட்ட பிறகு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். காசிராஜன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஜாக்கெட் பேச்சுக்கு ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே இருந்தான். கீறுவதை நிறுத்தாமல், அண்ணே, அந்த ரத்தம் எடுக்குறாகளே, அது வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா என்றான். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். ஐப்பசியில் இருந்து ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்திருக்கிறானாம், போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம், சர்க்கரை என்று சொல்லி வைத்திருக்கிறானாம். அறுபத்திரண்டு வயசு. ஒருத்தனுக்கு இருந்தால் கூடப் பிறந்தவனையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னாள், உங்களுக்குத் தம்பி உண்டா என்று கேட்டாள். நான் பேச்சுவார்த்தை சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருஷம், செல்வி. ஊசியை விட்டதைவிட அதுதான் இப்போது என்னை அறுக்கிறது. வெறும் வயிறெல்லாம் வேண்டாம், நீ எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டே போகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் அம்மைத் தடுப்பூசிக்கு அப்படித்தான் செய்வான். நாளை ரிப்போர்ட். என்ன வந்தாலும் எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்தனுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் இப்போது என் கையில் இருக்கிறது.

மே மாதம் வா. டிக்கெட் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல். நான் வீட்டில் வெறும் உடம்போடுதான் இருப்பேன், வெயில் அப்படி. பேத்தி என்ன கேட்டாலும் நானே பதில் சொல்கிறேன். பேச்சின் நடுவில் அழுதால் பயப்படாதே, மூன்று நிமிஷத்தில் சரியாகிவிடும். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். உடம்பில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் மாப்பிள்ளையிடமோ டாக்டரிடமோ அன்றே சொல்லிவிடு, நாள் பார்க்காதே. மாப்பிள்ளையையும் ஐம்பது தொட்டதும் அந்த ரத்தப் பரிசோதனை செய்யச் சொல், வெட்கப்பட்டால் என் கடிதத்தைக் கொடு. ஐந்தாவது ஊசி ஆனி மாதம் ஏழாம் தேதி, கூட வருவதற்கு அம்மா, சுடலையம்மாள் என்று ஆள் நிறைய இருக்கிறது, இனி கிருஷ்ணன்கோயிலில் இறங்க விட மாட்டார்கள்.

நீயும் உன் வீட்டாரும் நோய் நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் மறைக்க எதுவும் இல்லாமல், நூறு வயது இருக்க வேண்டும். அம்மா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னாள், இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. ஒன்று மறந்துவிடாதே. சித்தப்பா ரத்தம் கொடுத்தது சித்திக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு அவனே சொல்கிறேன் என்றிருக்கிறான், நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகும், அவன் சொல்லிவிட்டான் என்று அம்மா சொல்லும் வரை நீ போனில் எதையும் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
சோலைச்சாமி